நான் துலையேல்லை

சுத்திப் பாருங்கோ தம்பி. வடிவாய்ப் பாருங்கோ, அவசரமில்லை. குனிஞ்சு கீழையும் பாருங்கோ, ஒரு இடத்திலையும் கறள், துரு ஒண்டும் இல்லை. கடற்கரைப் பக்கமே கொண்டுபோகாத வாகனம். மண்ணிலை ஓடினதுதான், ஆனால் அது பாலைவன மண், உப்பில்லாத மண். மயூரதன் எண்டு ஒரு பொடியன் சொல்லித்தான் எனக்கும் தெரியும். எனக்கென்ன தெரியும் உதுகளைப் பற்றி? நான் மெல்பேணுக்கு வந்த நாளிலை இருந்து ரெயினிலை வேலைக்குப் போய் ரெயினிலை வீட்டுக்கு வந்த ஆள்.

அந்தக் கீறலோ? அது மரக்கொப்பு உரசினது. மல்லீ எண்டு ஒரு மரம், பாதைக்கு ரெண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிக்கும். பெயின்ற்தான் போனது, தகடு நெளியேல்லை. மனிசி ஓட்டேக்கை வந்த கீறல். அதுவும் ஒரு கதை. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கோ, சொல்லுறன். வாகனம் வாங்க வாற ஆளுக்கு அதின்ரை கதை தெரிஞ்சிருக்க வேணும்தானே.

வாகனம் மகன்ரை. நிரோஜன். ஒரே பிள்ளை. அவன் இப்ப இல்லை. போன வருசம் மாசியிலை பட்மின்ரன் விளையாடிக்கொண்டு நிண்டவன் விழுந்தான், எழும்பேல்லை. பிறக்கேக்கையே இதயத்திலை ஏதோ இருந்ததாம். ஒருத்தருக்கும் தெரியேல்லை. சரி, அதை விடுங்கோ. நான் சொல்ல வந்தது பயணத்தைப் பற்றி. எனக்கு அந்தப் பயணத்திலை ஒரு மனவருத்தம் இருக்கு. ஆருக்குச் சொன்னாலும் என்னை ஒரு மாதிரிப் பாக்கினமே தவிர விளங்கிக்கொள்ளுகினமில்லை. நீங்கள் வெளியாள், நீங்கள் சொல்லுங்கோ ஆரிலை பிழை எண்டு.

நிரோவின்ரை கூட்டாளியள் ஒவ்வொரு வருசமும் குளிர் முடிஞ்ச கையோடை வடமேற்குப் பக்கம் வெளிக்கிடுவினம். எல்லாரிட்டையும் இப்பிடி நாலு சில்லும் இழுக்கிற வாகனம் இருக்கு. ரெயின்போ எண்டு ஒரு சின்ன ஊர், அதுக்கு அங்காலை வைப்பர்ஃபெல்ட் பார்க், அதுக்கும் அங்காலை பிக் டெசேட். எல்லாம் மண். மண்மேடு, மண்பள்ளம், திருப்பியும் மண்மேடு. கூடாரம் அடிச்சுச் சமைச்சுச் சாப்பிட்டு, அடுத்த நாள் இன்னொரு இடம். இதுதான் பயணம். என்னத்தைக் காணப் போறியள் எண்டு நான் நிரோவைக் கேட்டிருக்கிறன். ஒண்டுமில்லையப்பா, அதுதான் போறம் எண்டுவான்.

அவன் இல்லாத முதல் வருசம் மயூரதனும் துவாரகாவும் வீட்டை வந்திச்சினம். புருசனும் பெண்சாதியும். மயூதான் அவையளுக்குத் தலைவன் மாதிரி, நல்ல பொடியன். "அங்கிள், இந்த முறை நீங்களும் அன்ரியும் வரவேணும். நிரோவின்ரை வாகனம் இல்லாமல் நாங்கள் போகமாட்டம்" எண்டான். நான் ஓம் எண்டன். அந்த நேரம் ஆர் என்னத்தைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுறது. ஓம் எண்டால் ஆக்கள் எழும்பிப் போவினம். இல்லை எண்டால் ஏன் எண்டு கேப்பினம். மனிசியும் ஓம் எண்டா. அவாவும் அதே ஆள்தான்.

மனிசியைப் பற்றி ஒண்டு சொல்லவேணும், இல்லாட்டில் உங்களுக்குக் கதை விளங்காது. புவனேஸ்வரி எண்டு பேர். எங்கடை காலத்திலை பெண்சாதி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. உங்கடை வயசு ஆக்கள் டேய் எண்டும் கூப்பிடுகினம், அது வேறை. கலியாணம் செய்த புதிசிலை அவா என்னை "இஞ்சாருங்கோ" எண்டுவா. நிரோ பிறந்த பிறகு "நிரோன்ரை அப்பா". கடையிலை, ஸ்ரேசனிலை, ஆசுப்பத்திரியிலை, எங்கையெண்டாலும் "நிரோன்ரை அப்பா, இஞ்சாலை வாங்கோ". பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் அதுதான் என்ரை பேர் எண்டு நினைச்சு நெடுக "நிரோண்டப்பா" எண்டு கூப்பிட்டவர், பாவம், செத்துப்போனார்.

அவன் போன பிறகு மனிசி என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிடுறேல்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை, உண்மையாய். மேசையிலை கோப்பை வைக்கிற சத்தம் கேக்கும், நான் எழும்பிச் சாப்பிடப் போவன். போன் வந்தால் கொண்டுவந்து கையிலை தருவா. சின்ன வீடுதானே. கூப்பிட வேண்டிய தேவை வாறேல்லை.

சரி, வெளிக்கிட்டம். எங்களோடை சேத்து நாலு வாகனம். மயூ முன்னுக்கு, அவனுக்குப் பின்னாலை நான், மற்றவை எனக்குப் பின்னாலை. மண் தொடங்கிற இடத்திலை எல்லாரும் நிப்பாட்டி டயரிலை காத்தை இறக்கினவை. காத்துக் குறைஞ்சால்தான் டயர் சப்பையாகி மண்ணுக்கு மேலாலை போகுமாம். வாகனத்துக்கு முன்னாலை உயரமாய் ஒரு தடி, அதிலை கொடி. மேட்டுக்கு அங்காலை இருந்து வாற ஆளுக்குத் தெரியவேணும் எண்டு. வாகனத்துக்கு வாகனம் கதைக்கிற றேடியோ ஒண்டு, அதிலை மயூ கதைச்சுக்கொண்டே போவான். "அங்கிள், இப்ப ஏத்தம். காலை எடுக்காதேங்கோ. அப்பிடியே வாங்கோ, அப்பிடியே."

உங்களுக்குச் சொன்னால் என்ன, அந்த ஓட்டம் எனக்குப் பிடிச்சுது. முன்னாலை போறவன்ரை தடத்திலை சில்லை வைச்சால் காணும். யோசிக்கத் தேவையில்லை. தடம் எங்கை போகுதோ அங்கை நாங்களும் போறம். மனிசி பக்கத்திலை இருந்து கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு வந்தா. ஈமுப் பறவை ரெண்டு குறுக்காலை ஓடினது. றேடியோவிலை எல்லாரும் ஈமு ஈமு எண்டு கத்திச்சினம். நாங்கள் கத்தேல்லை. ஈமுதானே.

வடிவான இடம் எண்டு எல்லாரும் சொன்னவை. வடிவுதான் போலை. பிள்ளையள் எங்களைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்திச்சினம், குறை சொல்லக் கூடாது. துவாரகா காஸ் அடுப்பிலை கொத்துரொட்டி போட்டவள். "நிரோவுக்கு இது..." எண்டு தொடங்கிப்போட்டு, பேந்து "உறைப்புக் காணுமோ அன்ரி?" எண்டாள். காணும் எண்டா மனிசி. நாங்கள் கிட்டப் போகேக்கை சிரிப்பு நிக்கும். தள்ளிப் போனால் திரும்பத் தொடங்கும். அதுக்காக நான் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தன். பாவம், அவையும் சந்தோசமாய் இருக்க வந்தவைதானே.

பின்பக்கம் படுக்கை விரிக்கேக்கை சீற்றுக்குக் கீழை நிரோவின்ரை சப்பாத்து ஒரு சோடி கிடந்தது. அடியிலை பழைய மண். மனிசி எடுத்து ஒரு கரையிலை வைச்சா. நான் படுக்கையை விரிச்சு முடிச்சன்.

இனித்தான் விசயம்.

பிக் டெசேட்டுக்குள்ளை ஒரு காலமை. தேத்தண்ணி குடிச்சாச்சு, பிள்ளையள் கூடாரம் கழட்டிக்கொண்டு நிண்டவை. அங்கை கக்கூசு இல்லை. சின்ன மண்வெட்டி ஒண்டைக் கொண்டு மறைவாய்ப் போறதுதான் வழக்கம். நானும் போனன். மேட்டுக்கு அங்காலை இறங்கி அலுவலை முடிச்சு மண்ணைப் போட்டு மூடினன். அதுக்குப் பிறகு திரும்பி வரவேண்டியதுதானே எண்டு நீங்கள் கேப்பியள். எல்லாரும் அதைத்தான் கேக்கினம். மண் நல்ல வழுவழுப்பாய் இருந்தது. இரவுக் காத்து அடிச்சு ஒரு அடையாளமும் இல்லாமல் கிடந்தது. கால் வைச்சால் மெல்லமாய்ப் புதையும். அப்பிடியே நடந்தன். இன்னொரு மேடு ஏறினன், இறங்கினன். பேந்து ஒரு பத்தைக்குப் பக்கத்திலை இருந்தன். அவ்வளவுதான். களைச்சுப்போய் இருந்த ஆள் நான். துலையேல்லை. எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியும், வந்த கால்தடம் எனக்குப் பின்னாலை கிடந்தது.

கொஞ்ச நேரத்தாலை ஹோண் அடிச்சுக் கேட்டுது. பேந்து கூப்பிடத் தொடங்கிச்சினம். "அங்கிள்! அங்கிள்!" மயூவின்ரை குரல், துவாரகாவின்ரை குரல், எல்லாம் தெரிஞ்ச குரல்தான். அங்கிள் எண்டால் ஆர் தம்பி? மெல்பேணிலை இருக்கிற வயசு போனதுகள் எல்லாம் அங்கிள்தான். வாறன் எண்டு சொல்லத்தான் இருந்தன். வாய் திறக்கேல்லை. அதுக்குக் காரணம் எண்டு ஒண்டும் இல்லை, தொண்டை காஞ்சிருக்கும். இன்னொருக்கால் கூப்பிட்டால் சொல்லுவம் எண்டு இருந்தன். இன்னொருக்கால் கூப்பிட்டிச்சினம். சரி, அடுத்த முறை எண்டு இருந்தன். பிறகு சத்தம் மற்றப் பக்கமாய்ப் போட்டுது. அண்டைக்கு நல்ல காத்து, தடத்தை மூடியிருக்கும். அவை பிழையான பக்கம் தேடியிருக்கினம். அதுக்கு நான் என்ன செய்ய?

வெய்யில் ஏறினது. பத்தையின்ரை நிழல் என்னை விட்டிட்டு மெல்ல அங்காலை போனது. நான் அதோடை தள்ளி இருக்கேல்லை. எறும்பு ஒண்டு காலிலை ஏறி முழங்கால் மட்டும் வந்து திரும்பிப் போனது. பயம் ஒண்டும் இல்லை. கவலை எண்டும் சொல்ல ஏலாது. பல்லுப் பிடுங்க மருந்து அடிச்சால் கன்னம் இருக்கும், ஆனால் உங்கடை கன்னமாய் இருக்காது. அப்பிடி. அது அண்டைக்கு வந்ததில்லை, கனநாளாய் இருந்தது. அங்கை ஆளில்லாத இடம் எண்டபடியாலை எனக்கே தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

கூடாரப் பக்கத்திலை என்ன நடந்தது எண்டு துவாரகாதான் எனக்குப் பிறகு சொன்னவள். மயூ சற்றலைற் போனிலை பொலிசைக் கூப்பிட்டிருக்கிறான். பாருங்கோ, பொலிஸ்! ஆள் கக்கூசுக்குப் போனதுக்குப் பொலிஸ். போனிலை கதைச்ச பொலிஸ்காரி ஆளின்ரை பேர் என்ன, எத்தினை வயசு எண்டு கேட்டு, என்ன உடுப்பு எண்டு கேட்டிருக்கிறா. பிள்ளையள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லியிருக்கினம். பேந்து மயூ போனை மனிசியிட்டைக் குடுத்திருக்கிறான். "அன்ரி, அங்கிள் என்ன நிறச் சேட் போட்டிருந்தவர்?" எண்டு கேட்டானாம்.

அவாவுக்குத் தெரியேல்லை.

இதைத்தான் நான் சொல்லுறன். காலமை எனக்கு முன்னாலை இருந்து தேத்தண்ணி குடிச்ச ஆள். மடிக்கிற கதிரை ரெண்டும் முட்டிக்கொண்டு இருந்தது. மஞ்சள் சேட் தம்பி, குருடனுக்கும் தெரியும். அவா போனைத் துவாரகாவின்ரை கையிலை வைச்சிட்டு எழும்பி நடந்திட்டாவாம். கட்டின புருசன் என்ன உடுத்திருந்தவன் எண்டு தெரியாத பெண்சாதி. அவா அண்டைக்கு என்ன உடுத்திருந்தவா எண்டு என்னைக் கேட்டால்... அது வேறை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே.

நான் இருந்த இடத்திலை ஒரு சத்தமும் இல்லாமல் கனநேரம் போட்டுது. பேந்து ஒரு குரல். பொம்பிளைக் குரல். "தில்லையம்பலம்!" எண்டு.

முதல் எனக்கு விளங்கேல்லை. ஆரோ ஆரையோ கூப்பிடுகினம் எண்டு இருந்தன். திரும்பவும் "தில்லையம்பலம்! தில்லையம்பலம்!" பள்ளிக்கூடத்திலை வாத்தியார் இடாப்புக் கூப்பிடுறமாதிரி, முழுப் பேரும், ஒரு எழுத்து விடாமல். என்ரை அம்மா கூட என்னை அப்பிடிக் கூப்பிட்டதில்லை, வீட்டிலை தில்லை எண்டுதான். குரல் கிட்ட வந்தது. அதுக்குப் பிறகுதான் ஆற்ரை குரல் எண்டு பிடிபட்டுது. அவா கத்தி நான் கேட்டதே இல்லை. நிரோவின்ரை செத்தவீட்டிலையும் கத்தேல்லை.

"ஓம்" எண்டன். நான் சொல்லுவம் எண்டு நினைச்சுச் சொல்லேல்லை, வந்திட்டுது. "ஓம், இஞ்சை இருக்கிறன்."

மேட்டிலை நாலு காலிலை ஏறி வந்தா. ஒரு காலிலை சப்பாத்து இல்லை. தலைமயிர் முழுக்க மண். வந்து எனக்குப் பக்கத்திலை தொப்பெண்டு இருந்தா. ஏச்சு விழப்போகுது எண்டு பாத்தன். ஏசேல்லை. மூச்சு வாங்கி முடியுமட்டும் இருந்திட்டுச் சொன்னா, "நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சன்."

"என்ன விசர்க்கதை. நான் இஞ்சைதானே இருந்தனான்."

"நினைச்ச உடனை, சரி, இதுவும் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். அழுகை வரேல்லை. இனி ஒரு ஆளுக்குச் சமைச்சால் காணும் எண்டு கூட நினைச்சன். அப்பத்தான் எனக்கு என்னிலை பயம் வந்தது. அதுக்குப் பிறகுதான் கத்தத் தொடங்கினன்."

சொல்லுங்கோ தம்பி, பெண்சாதி இப்பிடிச் சொன்னால் புருசன் என்ன சொல்லுறது? நான், "தண்ணி கொண்டு வந்தனீரோ?" எண்டு கேட்டன். இல்லை எண்டா. பேந்து என்ரை சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தா. விரலாலை தடவியும் பாத்தா.

"மஞ்சள்" எண்டா.

"மஞ்சள்தான்" எண்டன்.

அதோடை விட்டாவோ? என்ரை முகத்தைப் பாத்தா. கனநேரம் பாத்தா. எனக்கு ஒரு மாதிரியாய்ப் போட்டுது. நானும் பாக்கவேண்டியதாய்ப் போச்சு. ஆள் நல்லா மெலிஞ்சு போயிருந்தா. கழுத்தெலும்பு தெரிஞ்சுது. ஆர் சொல்லாமல் விட்டது எனக்கு, இந்த மனிசி இப்பிடி மெலிஞ்சு போனா எண்டு? ஒரே வீட்டிலை இருக்கிறம். ஒருத்தரும் சொல்லேல்லை.

பேந்து பிள்ளையள் ஓடி வந்திச்சினம். துவாரகா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். மயூ ஒரு பக்கத்திலை குந்தியிருந்து தலையைப் பிடிச்சுக்கொண்டு அழுதான், பெரிய ஆம்பிளை. "அங்கிள், நிரோவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லுறது?" எண்டு கேட்டான். நிரோ எங்கை கேக்கப்போறான் எண்டு எனக்கு வாயிலை வந்தது, சொல்லேல்லை. நான் துலையேல்லையடா தம்பி, இருந்தனான் எண்டன். அதை ஒருத்தரும் காதிலை விழுத்தேல்லை. அண்டையிலை இருந்து எல்லாருக்கும் நான் துலைஞ்ச ஆள். கோயிலிலை கண்டாலும் "அங்கிள், சுகமோ?" எண்டு கேக்கிற விதமே வேறை. அதுதான் என்ரை மனவருத்தம். மற்றது, அத்தினை பேருக்கு முன்னாலை பேர் சொல்லிக் கத்தினது. மேட்டுக்கு அங்காலை நிண்ட எல்லாருக்கும் கேட்டிருக்கு.

பொலிசுக்கு ஆள் கிடைச்சிட்டார் எண்டு சொல்லியாச்சு. எண்டாலும் அந்தப் பொலிஸ்காரி பாதை தொடங்கிற இடத்திலை எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவா. கோபமாய்க் கதைப்பா எண்டு நினைச்சன். குளிர்தண்ணிப் போத்தல் ஒண்டு தந்து, எனக்குப் பக்கத்திலை நிண்டு மண்ணைப் பாத்துக்கொண்டு, "இண்டைக்கு நல்ல காத்து" எண்டு மட்டும் இங்கிலீசிலை சொன்னவா. நல்ல மனிசி.

ஆனால் அந்த இடத்துக்கு வாகனத்தை ஓட்டிக்கொண்டு வந்தது நான் இல்லை. மயூ தான் ஓட்டுறன் எண்டு என்னட்டைத் திறப்பை வாங்கினவன், மனிசி அவனிட்டை "திறப்பைத் தாரும்" எண்டு கேட்டு வாங்கிப்போட்டா. கடைக்கும் கோயிலுக்கும் சின்னக் கார் ஓடுற ஆள். இந்த வாகனத்தின்ரை ஸ்ரெயரிங்கைத் தொட்டதே இல்லை. மயூ தன்ரை வாகனத்தைத் துவாரகாவிட்டை விட்டிட்டுப் பின்சீற்றிலை இருந்து, "அன்ரி, காலை எடுக்காதேங்கோ" எண்டு கத்த, ஒரு மேட்டிலை ஏற ஏலாமல் புதைஞ்சு, எல்லாரும் இறங்கி மண் அள்ளி, திரும்பவும் எடுத்தா. அங்கைதான் அந்த மரக்கொப்பு. நான் பக்கத்துச் சீற்றிலை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். ஒரு ஆம்பிளைக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்கோ.

தார் றோட்டு வந்த பிறகு மயூ இறங்கித் தன்ரை வாகனத்துக்குப் போட்டான். நாங்கள் ரெண்டு பேரும்தான். அப்ப மனிசி கதைக்கத் தொடங்கினா. நிரோ பிறந்த அண்டைக்கு மழை எண்டு தொடங்கினா. அவன் முதல் நடந்தது, பள்ளிக்கூடத்திலை சாப்பாட்டுப் பெட்டியைத் துலைச்சது, எனக்குச் சொல்லாமல் மீசை வழிச்சது, ஒரு வெள்ளைக்காரப் பெட்டையைக் கூட்டிவரப் போறன் எண்டு அவாட்டை மட்டும் சொல்லியிருந்தது. எனக்குத் தெரியாத கதையும் இருந்தது. அவன் போன நாளிலை இருந்து வீட்டிலை அவன்ரை பேரே எடுக்காத ஆள், றோட்டைப் பாத்துக்கொண்டு நிரோ, நிரோ, நிரோ எண்டு சொல்லிக்கொண்டு வந்தா. அழுதுகொண்டும் வந்தா, சிரிச்சுக்கொண்டும் வந்தா. நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான்.

பேந்து எனக்கு நித்திரை வந்திட்டுது. மனிசி பிள்ளையைப் பற்றிக் கதைக்கேக்கை நித்திரை கொள்ளுறது சரியில்லைத்தான். ஆனால் வந்திட்டுது, என்ன செய்ய? அவன் போன பிறகு நான் நித்திரை எண்டு கொண்டதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறதுதான். அண்டைக்கு வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டனானாம். முழிச்சுப் பாத்தால் வாகனம் இந்த இடத்திலை, இந்தக் கராச்சுக்கு முன்னாலை நிக்குது. எஞ்சினை நிப்பாட்டியிருக்கு. மனிசி ஸ்ரெயரிங்கிலை கையை வைச்சுக்கொண்டு அப்பிடியே இருக்கிறா. வந்து எவ்வளவு நேரமோ தெரியாது. எழுப்பேல்லை.

இவ்வளவுதான் கதை. பின்னை வாகனம் என்னத்துக்கு? விடியக் கதவைத் திறந்தால் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. வித்துப்போட்டால் நிம்மதி எண்டு நான்தான் விளம்பரம் போட்டனான்.

ஓடிப் பாக்கவேணுமோ? பாக்கத்தான் வேணும். ஓடிப் பாக்காமல் ஆரும் வாங்குவினமோ? ஆனால் தம்பி, நீங்கள் கோவிக்கக் கூடாது. திறப்பு மனிசியிட்டை. வேலைக்குப் போகேக்கை கைப்பையிலை போட்டுக்கொண்டு போறவா. விக்கமாட்டன் எண்டு நிக்கிறா. நான் விளம்பரம் போட்டால் அவா எடுப்பிக்கிறா, நான் திரும்பப் போடுறன். உங்களுக்கு முன்னமும் ரெண்டு மூண்டு பேர் வந்து பாத்தவை. நல்ல பிள்ளையள், உங்களை மாதிரி, இருந்து கேட்டுப்போட்டுத்தான் போனவை.

எழும்பாதேங்கோ. அவா வாற நேரம்தான். தேத்தண்ணி போடுவா. வந்தால் நானே கேக்கிறன், உங்களை ஏத்திக்கொண்டு ஒரு சுத்துச் சுத்திக் காட்டச் சொல்லி. இப்ப நல்லா ஓடுறா. நீங்கள் முன்னுக்கு இருங்கோ, நான் பின்சீற்றிலை இருந்து வாறன்.